ரூத் பாடிய பாட்டு எது?

படுக்கை விரிப்பை ஒழுங்காக மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி இரண்டு மூலைகளைப் பிடிக்க, எதிரே நிற்பவள் மற்ற இரண்டையும் பிடிக்க, இருவரும் கிட்ட வந்து மூலைகளைச் சேர்த்துவிட்டு மறுபடி விலகிப் போகவேண்டும். மெல்பேர்ன் பக்கத்து டண்டினொங்கில் ஆஸ்பத்திரித் துணிகளைத் தோய்த்துக் கொடுக்கும் அந்தத் தொழிற்சாலையில் விரிப்பு மடிக்க இயந்திரம் இருந்தது. இயந்திரம் கோணலாகத் துப்பிவிடுவதை மடிக்கத்தான் நாங்கள். எனக்கு எதிரே ரூத் நிற்பாள்.

நாள் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி, வந்து விலகி, வந்து விலகிச் செய்யும் வேலை. அதில் ஒன்றையும் ஒளிக்க முடியாது. காலையில் வீட்டில் சண்டை என்றால் ரீ குடிக்கும் நேரத்துக்கு முன்னமே எதிரே நிற்பவளுக்குத் தெரிந்துவிடும்.

இது நடந்த கிழமைதான் ரூத் லீவு முடிந்து வேலைக்கு வந்திருந்தாள். ஊரில் அவளுடைய அம்மா செத்துப்போய் இரண்டு கிழமை ஆகவில்லை. ரூத் படகில் அகதியாக வந்தவள். வருடக் கணக்காகத் தற்காலிக விசாவில் இருக்கிறாள். ஊருக்குப் போனால் திரும்பி வரலாமோ என்று கேட்டால் யாரும் நேரான பதில் சொல்வதில்லை. ஆகவே தாயின் சவ அடக்கத்தைப் போனில் பார்த்தாள். பார்த்து முடிந்ததும் போனைச் சார்ஜில் போட்டுவிட்டுச் சோறு வைத்தேன் என்று என்னிடம் சொன்னாள். அதைக் கேட்டு நான் அழுதேன், அவள் அழவில்லை.

வேலையில் வாயையும் மூக்கையும் மூடிக் கவசம் கட்டியிருப்போம். அன்று அவளுடைய கவசத்துக்குள்ளிருந்து ஒரு முனகல் கேட்டது. முதலில் அழுகிறாளோ என்று நினைத்தேன். உற்றுக் கேட்டால் பாட்டு. வாயைத் திறக்காமல், மெல்ல, விரிப்புக்கு விரிப்பு அதே பாட்டு.

“என்ன பாட்டு ரூத் அது?”

“சும்மா அக்கா. அம்மாவோட பாடுறது.”

சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. அதற்கு மேல் எப்படிக் கேட்பது? மூலைகளைச் சேர்த்து மடித்துவிட்டு அடுத்த விரிப்பை எடுத்தேன்.

ஐந்தாம் தரத்துக்காரியின் அந்தரம்

நான் சங்கீதப் பரீட்சையில் ஐந்தாம் தரம் வரை பாஸ் பண்ணியவள் என்பதை இந்தத் தொடரைத் தொடர்ந்து வாசிப்பவர்கள் அறிவார்கள். ஏனென்றால் எந்த விஷயத்தை எழுதினாலும் அதை எங்காவது கொண்டுவந்து செருகிவிடுகிறேன். கலியாண வீட்டில் நாதஸ்வரம் தொடங்கிய உடனே பக்கத்தில் இருப்பவர் கேட்காமலே ராகத்தின் பெயரைச் சொல்லிவிடுவேன். அது ஒரு வியாதி. இவருக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, அதனாலேயே என் பக்கத்தில் இருக்கப் பிடிக்காது.

அப்படிப்பட்டவளுக்கு ரூத்தின் பாட்டுப் பிடிபடவில்லை.

பின்னால் உலர்த்தும் இயந்திரம் எந்நேரமும் ஒரே சீராக இரைந்துகொண்டிருக்கும். அந்த இரைச்சலையே சுருதியாகப் பிடித்துக்கொண்டுதான் பாடினாள். சுருதி அச்சொட்டு, ஒரு மயிரிழை விலகவில்லை. ஆனால் ரிஷபம், காந்தாரம், மத்திமம், திரும்பக் காந்தாரம் என்று அந்தச் சின்ன இடத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தாள். எப்போதாவது பஞ்சமத்தை எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடுவாள். முடிவிலாவது, எந்தப் பாட்டும் வந்து அமரும் ஷட்ஜத்தில் இறங்குவாள் என்று நான் விரிப்பைப் பிடித்தபடி காத்திருப்பேன். இறங்கமாட்டாள். காந்தாரத்திலேயே நின்று, மூச்சு எடுத்து, மறுபடி தொடங்குவாள்.

இது என்ன கோதாரி ராகம்? வீட்டுக்கு வந்து சமைத்துக்கொண்டே முனகிப் பார்த்தேன். இவர் குசினி வாசலில் வந்து நின்றார்.

“என்ன, உடம்பு சரியில்லையோ?”

“பாட்டு.”

“ஓம் ஓம். நான் வேறை ஏதோ எண்டு பயந்திட்டன்.”

முனகிக் காட்டினால் பாட்டைக் கண்டுபிடித்துத் தருகிற வசதி இப்போது போனில் இருக்கிறதே, அதையும் விட்டுவைக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு போனுக்கு முன்னால் முனகினேன். அது நிறைய யோசித்துவிட்டு, கம்பளம் விற்கும் கடை ஒன்றின் விளம்பரப் பாட்டாக இருக்கலாம் என்றது. ஐந்தாம் தரத்துக்கு வந்த மரியாதை அது.

ரூத்திடமே இன்னொரு தரம் கேட்டிருக்கலாம்தான். ஆனால் தாயைப் பறிகொடுத்தவளிடம், “நீர் பாடுறது பாட்டுமாதிரி இல்லையே, என்ன அது?” என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வாய் வராமல் நான் இருந்த இடங்கள் என் சீவியத்தில் மிகவும் குறைவு.

கிரஹாமின் கசெற்றுகள்

எங்கள் தொழிற்சாலையில் இயந்திரங்களைத் திருத்துகிறவர் கிரஹாம். ஓய்வு பெறும் வயதைத் தாண்டியும் போகாமல் இருந்தார். போனால் வீட்டில் மனைவி தோட்ட வேலை தருவாள் என்பது அவர் சொன்ன காரணம். பின்பக்கத்தில் அவருக்கு ஒரு சின்ன அறை. அங்கே எண்ணெய்ப் பிசுக்குப் பிடித்த ஒரு கசெற் ரேப் றெக்கோடர், பெட்டி நிறையக் கசெற்றுகள், ஒரு கால் உடைந்த கதிரை.

ஒருநாள் உலர்த்தும் இயந்திரம் நின்றுவிட்டது. அவரைக் கூட்டிவரப் போனேன். உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நாலைந்து ஆண் குரல்கள். வாத்தியம் என்று ஒன்றையும் காணோம். ஆனால் வாத்தியம் இருப்பதுபோல அடியில் “பும், பும்” என்று ஏதோ நடந்துகொண்டிருந்தது.

“இந்தப் பும், பும் பெரிய வயலின்தானே?” என்று கேட்டேன்.

“அது மனுஷன்,” என்றார் கிரஹாம்.

இயந்திரம் நின்றதை இருவரும் மறந்துபோனோம். கிரஹாமுக்குக் கதைக்க ஆள் கிடைத்தால் போதும். எனக்குக் கேட்க ஒரு விஷயம் கிடைத்தால் போதும்.

அமெரிக்க நகரங்களில் கறுப்பினப் பொடியன்கள் நாலு பேர் தெருமூலையில் கூடுவார்களாம். வாத்தியம் வாங்க வசதி இல்லை. அதனால் குரலையே வாத்தியமாக்கினார்கள். ஒருவன் மெட்டைப் பாடுவான். ஒருவன் அடியில் தாளத்தையும் கனத்தையும் பிடித்துக்கொள்வான். மற்ற இரண்டு பேர் நடுவில் நின்று நிரப்புவார்கள். சொல் தேவைப்படாத இடத்தில் அர்த்தமில்லாத ஓசைகளைப் போட்டுக்கொள்வார்கள். குரல் எதிரொலிக்கும் என்று மாடிப்படிக்குக் கீழேயும் ரயில் பாலத்துக்கு அடியிலும் போய் நின்று பாடுவார்கள்.

“அவர்களுக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தது?”

“கோயில்,” என்றார். அவர்களுடைய தேவாலயங்களில் அதற்கு முன்பே நாலு பேர் நாலு குரலில் பாடி ஊர் ஊராகப் போனார்களாம். அதற்கும் முன்பு முடிவெட்டும் கடையில் முறைக்காகக் காத்திருந்தவர்கள் பொழுது போகாமல் சேர்ந்து பாடியதும் உண்டாம். எது முதல், எது பின் என்று நான் குடைந்தபோது அவருக்கே குழப்பம் வந்துவிட்டது. “எல்லாரும் எல்லாரிடமும் களவெடுத்தார்கள்,” என்று முடித்துவிட்டார்.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொன்னார். பிறகு கித்தார் பிடித்து உலகத்தைக் கலக்கிய குழுக்கள் எல்லாம் இவர்களைக் கேட்டு வளர்ந்தவைதானாம். இன்றைக்கு மேடையில் பாடுகிறவருக்குப் பின்னால் நின்று “ஊ”, “ஆ” என்கிறவர்கள் அத்தனை பேரும் இவர்களின் பேரப்பிள்ளைகளாம்.

அவரும் வாலிபத்தில் மெல்பேர்னில் நாலு பேராகச் சேர்ந்து பாடியவராம். கால்பந்துக் கழகங்களின் விருந்துகளில் பாடியிருக்கிறார்கள்.

“நீங்கள் எந்தக் குரல்?”

“இரண்டாவது. என்னை ஒருத்தரும் கவனிக்கவில்லை. பிறகு என்னைக் கட்டியவளே அன்றைக்கு முன்னால் நின்று பாடினவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.”

பக்கத்தில் நிற்கிறவன்

கிரஹாம் கசெற்றைத் திருப்பிச் சுற்றிவிட்டு ஒரு விளையாட்டுக் காட்டினார். “பாடுகிறவனைக் கேட்காதே. அவனுக்குப் பக்கத்தில் நிற்கிறவனைக் கேள்.”

சொல்வது லேசு. காது சொல்வழி கேட்டால்தானே? மெட்டு எங்கே போகிறதோ அங்கேயே என் காதும் போனது. இரண்டாம் தரமும் அப்படித்தான். “கண்ணை மூடு,” என்றார். மூடினேன். மெட்டுக்குச் சற்றுக் கீழே, மெல்லிசாக ஒருவன் வந்துகொண்டிருந்தான். பிடித்துவிட்டேன். அவனை மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டே போனேன்.

அவன் பெரிதாக ஒன்றும் பாடவில்லை. இரண்டு மூன்று சுரத்துக்குள்ளேயே நின்றான். மெட்டு மேலே ஏறும்போது இவன் இருந்த இடத்திலேயே இருந்தான். மெட்டு வந்து இறங்கி முடிந்தபோது இவன் காந்தாரத்தில் நின்றான்.

ரூத் வந்து நிற்கிற அதே இடம். மேற்பார்வைக்காரி வந்து கதவைத் தட்டி, இயந்திரம் நின்று எவ்வளவு நேரம் தெரியுமா என்று எங்கள் இருவருக்கும் நன்றாக ஏசினாள். ஒன்றும் என் காதில் ஏறவில்லை.

அன்று பஸ்ஸில் போகும்போது போனில் பழைய தமிழ்ச் சினிமாப் பாட்டுகளைப் போட்டு அதே விளையாட்டை விளையாடினேன். அந்தப் பாட்டுகளில் முன்னால் பாடுகிறவரின் ஒவ்வொரு சங்கதியும் எனக்குப் பாடம். பின்னால் ஒரு கூட்டம் பெண்கள் பாடுகிறார்களே, அவர்கள் பாடியது என்ன என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பேன். இத்தனை வருடமும் அவர்கள் பாடிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். தேடிப் பிடித்தால் ஒரு பாட்டில் இரண்டு பெண்கள் மெட்டுக்குக் கீழே கூடவே வருகிறார்கள். யாருடைய பிள்ளைகளோ, பெயர்கூடப் போட்டிருக்கமாட்டார்கள். திருப்பித் திருப்பிக் கேட்டதில் இறங்கவேண்டிய இடம் போய்விட்டது. இவர்தான் காரில் வந்து ஏற்றிக்கொண்டு போனார்.

“பாட்டுக் கேட்டுத் துலைஞ்சுபோன மனுசியை இண்டைக்குத்தான் பாக்கிறன்,” என்றார்.

மூச்சு எடுக்கும் இடங்கள்

மறுநாள் ரூத் முனகத் தொடங்கியதும் நான் ராகம் தேடுவதை விட்டுவிட்டேன். இவள் பக்கத்தில் நிற்கிறவள் என்றால், முன்னால் நின்று பாடுகிறவர் யார்? மெட்டு எங்கே?

கிரஹாமின் கசெற்றில் இன்னொன்றும் கவனித்திருந்தேன். அவர்கள் மெல்லமாகப் பாடிய ஒரு பாட்டில் சுரம்தான் ஆளுக்கு ஆள் வேறு. நீட்டுவதும் நிறுத்துவதும் மூச்சு எடுப்பதும் எல்லாருக்கும் ஒன்றே. ஆகவே ரூத் எங்கே நீட்டுகிறாள், எங்கே மூச்சு எடுக்கிறாள் என்று மட்டும் பார்த்தேன். விரிப்பைப் பிடித்திருந்த விரலால் தட்டிக்கொண்டே வந்தேன்.

தட்டத் தட்ட விரலுக்குத் தெரிந்துவிட்டது. அந்த நெடிலுக்கும் குறிலுக்கும் சொற்கள் தாமாகவே வந்து உட்கார்ந்தன. நான் சைவக்காரி, ஆனால் படித்தது மிஷன் பள்ளிக்கூடத்தில். தவணை முடிகிற நாளில் எல்லாப் பிள்ளைகளும் மண்டபத்தில் நின்று ஒரு வேதப்பாட்டுப் பாடுவோம். பொழுது சாய்கிறது, கூட இரும் என்று கடவுளைக் கேட்கிற பாட்டு. லீவு விடப்போகிற சந்தோஷத்தில் கத்திப் பாடுவோம். எனக்கு அந்தப் பாட்டு என் பெயர் தெரிகிற அளவுக்குத் தெரியும்.

கிட்ட வந்து மூலைகளைச் சேர்க்கிற நேரம், கவசத்துக்குள்ளாலேயே, அவளுடைய முனகலுக்கு மேலே அந்த மெட்டை மெல்லப் பாடினேன்.

ரூத்தின் கையிலிருந்து விரிப்பு நழுவி விழுந்தது. நிலத்தில் விழுந்தால் திரும்பத் தோய்க்கப் போடவேண்டும் என்பது சட்டம். அவள் அதைக் குனிந்து எடுக்கவில்லை.

“நிப்பாட்டாதேங்கோ அக்கா,” என்றாள்.

நான் பாடினேன். அவள் கீழே வந்தாள். நாலு வரிதான் இருக்கும். இத்தனை நாளும் அரைகுறையாகக் கேட்ட அந்த முனகல், மெட்டுக்கு அடியில் வந்து பொருந்தி முழுப் பாட்டாயிற்று. வடிவென்றால் அப்படி ஒரு வடிவு.

போனில் சேராத பாட்டு

ரீ நேரத்தில் சொன்னாள்.

அவளுடைய அம்மா ஊர்த் தேவாலயத்தின் பாடற்குழுவில், குவயரில், மெட்டுப் பாடுகிறவ. ரூத்துக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அம்மாவுக்குப் பக்கத்தில் நிறுத்திக் கீழ்க்குரலைப் பாட விட்டுவிட்டார்கள். அவள் படித்ததெல்லாம் கீழ்க்குரல்தான். மெட்டை ஒருநாளும் தனியாகப் பாடியதில்லை.

“எனக்கு மெட்டுத் தெரியும் அக்கா. ஆனா வாயைத் திறந்தா மற்றதுதான் வரும். மெட்டு அம்மாவின்ர.”

இங்கே வந்தபிறகு ஒவ்வொரு ஞாயிறும் போனில் இருவரும் பாடிப் பார்த்திருக்கிறார்கள். போனில் சத்தம் போய்ச் சேரச் சற்றுத் தாமதமாகும் அல்லவா? கதைக்கும்போது அது தெரியாது. இருவர் ஒன்றாகப் பாடினால் தெரிந்துவிடும். அம்மாவின் மெட்டு வந்து சேரும்போது ரூத் அடுத்த சொல்லுக்குப் போயிருப்பாள். ரூத் காத்திருந்து பாடினால் அங்கே அம்மாவுக்கு இன்னும் பிந்திக் கேட்கும்.

“ரெண்டுபேரும் சிரிப்பம். பிறகு அம்மா ஒரு சரணம் பாடுவா, நான் கேப்பன். நான் ஒண்டு பாடுவன், அவ கேப்பா. நேரிலை வந்து சேர்ந்து பாடுவம் எண்டுதான் ஒவ்வொரு கிழமையும் சொல்லி வைக்கிறது.”

ரூத் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“அம்மாவின்ர முப்பத்தோராம் நாள் ஜெபம் வீட்டிலைதான் வைக்கப்போறன். நீங்கள் அந்த மெட்டைப் பாடுவியளோ அக்கா? ஒருக்காப் போதும். அம்மாவுக்காக அதை முழுசாக் கேக்கவேணும்.”

ஓம் என்றேன். வேறு என்ன சொல்வது?

கதவைத் தட்டாமல்

அன்றிலிருந்து ரீ நேரங்களில் கிரஹாமின் அறையில் பயிற்சி. தெரிந்த பாட்டுத்தானே என்று அலட்சியமாகத் தொடங்கினேன். ரூத் சேர்ந்த உடனே ஏதோ இடறியது. இருவரும் சரியாகத்தான் பாடினோம், ஆனால் அன்று விரிப்புக்கு மேலே கேட்ட அந்த வடிவு இல்லை.

கிரஹாம்தான் கண்டுபிடித்தார். “நீ ஏன் ஒவ்வொரு சுரத்துக்கும் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போகிறாய்? நேரே உள்ளே போ.”

“நாங்கள் தட்டித்தான் போவோம். அது மரியாதை,” என்றேன்.

எனக்குக் கடுப்பு. சின்ன வயதிலிருந்து அடித்து அடித்துப் பழக்கிய கமகம் அது. ஒரு சுரத்தைப் பக்கத்துச் சுரத்தில் தொட்டு, அசைத்து, பிறகு நிறுத்தினால்தான் அது எங்களுக்குச் சங்கீதம். அசையாமல் நிறுத்தினால் உப்பில்லாத கஞ்சி. அன்று கவசத்துக்குள் மெல்லமாகப் பாடியபோது அசைக்க இடம் இருக்கவில்லை. இப்போது வாயைத் திறந்ததும் அசைவு தானாகவே வந்துவிட்டது. நான் அசைத்தால் ரூத்துக்கு நிற்க இடம் இல்லை.

ஒரு சுரத்தை அசைக்காமல் பிடிப்பது இவ்வளவு கஷ்டம் என்று எந்தப் பரீட்சையிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. குளிக்கும்போது பிடித்துப் பார்த்தேன். கறி கொதிக்கும்போது பிடித்துப் பார்த்தேன். முடியும் நேரத்தில் ஒரு நெளிவு எங்கிருந்தோ வந்துவிடும். ரூத் ஒருநாளும் குறை சொல்லவில்லை. “நல்லாயிருக்கக்கா,” என்பாள். முகத்தைப் பார்த்தால் இன்னும் கிடைக்கவில்லை என்று தெரியும். ஜெபம் நெருங்க நெருங்க எனக்குப் பயம் பிடித்தது. இவளுக்குக் கிடைக்கப்போவது இந்த ஒரு சந்தர்ப்பம். அதையும் நான் நெளித்துக் கெடுத்துவிடுவேனோ?

முந்தின நாள் இவர் குசினியில் நின்று கேட்டுவிட்டு, “இப்பதான் நேராப் போகுது,” என்றார். இவருக்குச் சங்கீதம் தெரியாது. இருந்தாலும் நம்பிக்கொண்டேன்.

முப்பத்தோராம் நாள்

ரூத்தின் வீடு இரண்டு அறை யூனிற். ஜெபத்துக்கு நாற்பது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். கதிரைகள் போதாமல் பாதிப் பேர் நிலத்தில் பாய் விரித்து இருந்தார்கள். தாயின் படத்துக்கு முன்னால் மெழுகுதிரி. குசினியில் யாரோ றோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தார்கள். கிரஹாமுக்கு அன்று பின்னேர வேலை, அதனால் வரமுடியவில்லை. வந்தவர்களில் சைவக்காரரும் பாதி. மனோ அன்ரி ‘த பேசின்’ என்ற இடத்துப் பிள்ளையார் கோயிலிலிருந்து நேரே வந்திருந்தா, நெற்றியில் திருநீறு காயவில்லை. எங்கள் கூட்டுப் பிரார்த்தனைகளில் எப்போதும் முன்னால் இருந்து பாடுகிறவ அவதான். குரலும் அப்படி, பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும்.

போதகர் ஜெபித்து முடித்ததும் ரூத் என்னைப் பார்த்தாள். இருவரும் படத்துக்கு முன்னால் எழுந்து நின்றோம்.

தொடங்கினேன். அசையவில்லை. முதல் வரி முழுவதும் என் சுரம் நேராக நின்றது. ரூத் கீழே வந்து சேர்ந்தாள். அந்த வடிவு கேட்கத் தொடங்கியது. இரண்டாவது வரியில் அவளுடைய கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. குரல் மட்டும் இடத்தை விட்டு அசையவில்லை.

எங்கள் ஆட்களிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. பாடுகிறவர் தடுமாறினால் பார்த்துக்கொண்டிருக்கமாட்டார்கள். கூடப் பாடிக் கரையேற்றி விடுவார்கள். அழுகிற பெண், மெட்டில் இல்லாத குரல். மனோ அன்ரி அதைப் பார்த்து வேறு என்ன நினைப்பா?

“பாவம், பிள்ளை அழுகையிலை மெட்டை விட்டிட்டுது. எல்லாரும் எடுத்துக் குடுங்கோ,” என்று சொல்லிவிட்டு மூன்றாவது வரியில் மெட்டைப் பிடித்துவிட்டா.

அவவும் மிஷன் பள்ளிக்கூடம். அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் அப்படித்தான். ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். நாற்பது தொண்டைகளில் மெட்டுத்தான் கேட்டது. ரூத்தின் குரலைக் காணோம்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. இத்தனை நாள் பிடித்த பிடி, இவளுடைய ஒரே ஒரு சந்தர்ப்பம், எல்லாவற்றையும் அன்பாலேயே மிதித்துவிட்டார்கள். கையைக் காட்டி நிறுத்தச் சொல்ல நினைத்தேன். செத்தவீட்டு ஜெபத்தில் பாடுகிறவர்களை எப்படி நிறுத்துவது?

ரூத்தைத் திரும்பிப் பார்த்தேன். கண்ணை மூடியிருந்தாள். உதடு அசைந்துகொண்டிருந்தது. நிறுத்தவில்லை. நாற்பது பேருக்கு அடியில் ஒருத்தியாக அவள் தன்னுடையதைப் பாடிக்கொண்டுதான் இருந்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மெட்டுக்கு இப்போது நான் தேவையில்லை. ஆள் இல்லாதது மற்ற இடத்தில்தான்.

கடைசிச் சரணம் தொடங்கியபோது அவளுடைய தோளோடு தோள் ஒட்டி நின்று, மெட்டை விட்டுவிட்டு, அவள் பாடியதைப் பாடினேன். அதை நான் ஒருநாளும் பயிற்சி எடுக்கவில்லை. எடுக்கத் தேவையிருக்கவில்லை. விரிப்புக்கு விரிப்பு என் காதில் ஊறியிருந்தது. ரிஷபம், காந்தாரம், மத்திமம், திரும்பக் காந்தாரம். அசைக்கவேண்டும் என்ற எண்ணமே வரவில்லை.

ரூத் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள். முனகலாகவும் மெல்லிசாகவும் மட்டுமே நான் கேட்டிருந்த அந்தக் குரலுக்குள் அவ்வளவு பெரிய குரல் இருந்தது என்று எனக்குத் தெரியாது. சத்தமாக, நெஞ்சைத் திறந்து பாடினாள். நாற்பது பேரின் மெட்டுக்கு அடியில் எங்கள் இருவருடைய குரலும் தெளிவாகக் கேட்டது. முன்வரிசையில் ஒன்றிரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். முடிவில் எல்லாரும் ஷட்ஜத்தில் இறங்கினார்கள். நாங்கள் இருவரும் காந்தாரத்தில் நின்றோம். மூச்சு முடியும் வரை நின்றோம்.

மனோ அன்ரி எழுந்து வந்து என் கையைப் பிடித்தா.

“நீரும் அழுதிட்டீர் என்ன? கடைசியிலை ரெண்டுபேரும் மெட்டை விட்டிட்டியள். பரவாயில்லை பிள்ளை, நாங்கள் பிடிச்சிட்டம்.”

நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். ஐந்தாம் தரத்துக்காரி அல்லவா? ரூத் என் முழங்கையைப் பிடித்து அமர்த்தினாள்.

“ஓம் அன்ரி,” என்றாள். “நல்லாப் பிடிச்சியள்.”

அன்ரி றோல்ஸ் எடுக்கக் குசினிப் பக்கம் போனா. ரூத் அந்த அறை நிறைய இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். கண்ணைத் துடைக்கவில்லை.

“அம்மாவோட போயிட்டுது எண்டு நினைச்சன் அக்கா,” என்றாள். “அவவின்ர மெட்டு இத்தனை பேரிட்டை இருந்திருக்கு.”